கேமரா யாரோடு நிற்கிறது? போர்ப் படம் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

1916 ஆகஸ்டில் பிரிட்டனில் 'தி பேட்டில் ஆஃப் தி சோம்' என்ற ஆவணப்படம் வெளியானது. பிரான்சில் சோம் ஆற்றை ஒட்டி நடந்த பெரும்போர் அப்போது முடிந்திருக்கவில்லை. ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்கள் போர்முனைக்கே போய் எடுத்து வந்த படம் அது. முதல் ஆறு வாரங்களில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். அண்ணனோ மகனோ போர்முனையில் இருந்த குடும்பங்கள் ஏராளம் என்பதால் கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியமில்லை.

அந்தப் படத்தில் இன்றுவரை திரும்பத் திரும்பக் காட்டப்படுவது ஒரு சின்னக் காட்சிதான். பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலே ஏறுகிறார்கள். ஒருவர் ஏற முடியாமல் அப்படியே சரிந்து கிடக்கிறார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் புகைக்குள் மறைகிறார்கள். அடுத்த ஷாட்டில், முள்கம்பியைத் தாண்டிப் போகிறவர்களில் சிலர் விழுகிறார்கள். முதல் உலகப் போர் என்றதும் பலர் மனதில் வருகிற சித்திரம் இதுதான். ஆனால் இது போர்முனையில் எடுத்ததல்ல, பின்னால் இருந்த ஒரு பயிற்சித் தளத்தில் நடிக்கவைத்து எடுத்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வீரர்கள் முதுகில் முழுச் சுமை இல்லை. முள்கம்பி பேருக்குத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும்விடக் காட்டிக்கொடுப்பது கேமரா இருக்கும் இடம். தோட்டா பறக்கிற நேரத்தில் அங்கே முக்காலியை நட்டுவைத்து, கேமராவின் கைப்பிடியை நிதானமாகச் சுற்றிக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருக்க முடியாது.

அதே படத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிஜமும் இருக்கிறது. 1916 ஜூலை 1, காலை 7.20. ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் புதைத்திருந்த வெடிமருந்து வெடிக்கிறது. மாலின்ஸ் தொலைவில் நின்று அதைப் பிடித்துவிட்டார். மண் மொத்தமாக எழும்பி அடங்குகிறது, அவ்வளவுதான். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் இறந்தார்கள். அதில் ஒரு துளிகூட அந்த ஷாட்டில் தெரியாது. நிஜமாக நடந்தது தூரத்துப் புகையாகவும், நடித்தது நெஞ்சை அடைக்கிற நிஜமாகவும் தெரிகிறது.

போர்ப் படம் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருகிற பாராட்டு 'அப்படியே நிஜம் மாதிரி எடுத்திருக்கிறார்கள்' என்பது. இந்தப் பாராட்டு நம்மை அதிக தூரம் கூட்டிப்போகாது. நம்மில் பெரும்பாலோர் போரைப் பார்த்ததில்லை. நாம் 'நிஜம்' என்று ஒப்பிடுவதே இதற்கு முன்னால் பார்த்த இன்னொரு படத்தோடுதான். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சண்டையில் கேமரா யாரோடு நிற்கிறது? அங்கே நிற்கிற ஆளுக்கு என்ன தெரியும், என்ன கேட்கும், என்ன தெரியவே தெரியாது? இதை மட்டும் கேட்டுப் பழகினால் போதும். ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, அரசியல் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட ஆரம்பிக்கும்.

மேலே ஒன்று, சேற்றில் ஒன்று

முதலில் சுலபமான வித்தியாசம். 1970இல் வந்த 'வாட்டர்லூ' நெப்போலியனின் கடைசிப் போரைக் காட்டும் படம். இயக்கியவர் செர்கேய் பொந்தார்ச்சுக். இதற்காக சோவியத் ராணுவம் சுமார் 15,000 வீரர்களைத் துணை நடிகர்களாகத் தந்தது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம், ஆகவே திரையில் தெரிவது நிஜக் கூட்டம். பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து வரும்போது பிரிட்டிஷ் காலாட்படை சதுரம் சதுரமாக அணிவகுத்து நிற்கிறது. கேமரா ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. கீழே சதுரங்கள், அவற்றுக்கு நடுவே சுழன்று சுழன்று ஓடும் குதிரைகள். இந்த ஒரு ஷாட்டிலேயே அந்தக் காலத்துப் போர் உத்தி விளங்கிவிடும். சதுரத்தின் நான்கு பக்கமும் துப்பாக்கிமுனைக் கத்திகள் நீட்டியிருப்பதால் குதிரை உள்ளே பாய மறுக்கிறது, சுற்றித்தான் வருகிறது. ஆனால் சதுரத்துக்குள் நிற்கிற சிப்பாய்க்கு இந்த வடிவம் தெரியவே தெரியாது. அவனுக்குத் தெரிவது பக்கத்து ஆளின் தோள், எதிரே குதிரையின் மூக்கு, நடுவே புகை. ஆக, அந்த ஷாட் சிப்பாயோடு நிற்கவில்லை. தளபதியின் மேசையில் விரித்திருக்கும் வரைபடத்தோடு நிற்கிறது.

இதற்கு நேரெதிர் ஆர்சன் வெல்ஸின் 'சைம்ஸ் அட் மிட்நைட்'. 1965இல் வந்தது. 1403இல் இங்கிலாந்தில் நடந்த ஷ்ரூஸ்பரி போர் இதில் வருகிறது. வெல்ஸிடம் பணம் இல்லை. துணை நடிகர்கள் 200 பேர்கூடத் தேறவில்லை. அவ்வளவு சிறிய கூட்டத்தைத் தூரத்திலிருந்து காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கேமராவைச் சண்டைக்குள்ளேயே இறக்கிவிட்டார். ஒவ்வொரு ஷாட்டும் கண் சிமிட்டுகிற நேரம்தான். குதிரைகளும் கொடிகளுமாக மிடுக்கோடு தொடங்குகிற சண்டை, கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கி, கடைசியில் சேற்றில் புரண்டுகொண்டிருக்கும் உடம்புகளாக முடிகிறது. யார் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. பணமில்லாத குறையை மறைக்கச் செய்ததுதான், ஆனால் பின்னால் வந்த எத்தனையோ சண்டைக் காட்சிகள் இந்த வழியில்தான் போயின.

இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும்தான். போர் எப்படி வெல்லப்பட்டது என்று சொல்ல மேலே போக வேண்டும். போர் எப்படி இருந்தது என்று சொல்லக் கீழே இறங்க வேண்டும். ஒரே படம் இந்த இரண்டுக்கும் நடுவே எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனியுங்கள். இயக்குநருக்கு அந்தப் போரைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒமாஹா கடற்கரை: கொஞ்சம் நிதானமாக

இப்போது ஒரே ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1998இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'சேவிங் பிரைவேட் ரையன்'. 1944 ஜூன் 6 அன்று அமெரிக்கப் படை நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கிய சண்டை, படத்தின் தொடக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. எடுக்கப்பட்டது அயர்லாந்துக் கடற்கரை ஒன்றில்.

சினிமா கேமரா வழக்கமாக விநாடிக்கு 24 படங்கள் எடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மறைக்கும் மூடி) திறந்திருக்கும் நேரம் சாதாரணமாக ஒரு விநாடியில் 48இல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒரு கை வேகமாக அசைந்தால், அது படத்தில் லேசாக இழுபட்டு மங்கலாகப் பதியும். இந்த மங்கல் ஒரு குறை அல்ல. திரையில் அசைவு வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிவதே இதனால்தான். ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி இந்தக் காட்சிக்கு ஷட்டரின் திறப்பைப் பாதியாகவும், சில இடங்களில் கால்பங்காகவும் குறைத்தார். கால்பங்கு என்றால் விநாடியில் 192இல் ஒரு பங்கு. மங்கல் போய்விட்டது. குண்டு வெடித்து எழும் மணல் புகைமூட்டமாக இல்லாமல் கட்டி கட்டியாக, தனித்தனியாகத் தெரிகிறது. ஓடுகிறவர்களின் அசைவு வெட்டி வெட்டி விழுகிறது. அடிவயிற்றில் ஒரு பதற்றம் வருகிறது, ஏன் என்று நமக்குப் புரிவதில்லை. காரணம் இந்தச் சின்னக் கணக்கு.

இது போக, 1940களின் லென்ஸ் போலத் தெரியட்டும் என்று லென்ஸ்களின் மேல்பூச்சை நீக்கியிருந்தார்கள். வண்ணங்களை வெளிற வைத்தார்கள். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரும் ரத்தமும் லென்ஸில் தெறிக்கின்றன. வேறு படமென்றால் 'ஒன் மோர்' சொல்லித் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். இங்கே அப்படியே விட்டிருக்கிறார்கள். கேமராவும் அந்த மணலில் படுத்திருக்கிற ஒருவன், அவன் மேலும் தெறிக்கும் என்று அர்த்தம்.

ஆனால் ஒன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இடையிடையே சில ஷாட்கள் மேலே, ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து எடுத்தவை. சுடுகிறவனின் முதுகும், அதற்கு அப்பால் ஒதுங்க இடமில்லாத கடற்கரையும் தெரியும். கீழே படுத்திருக்கும் அமெரிக்கச் சிப்பாய்க்கு இந்தக் காட்சி கிடைக்காது. அவன் எவ்வளவு திறந்த வெளியில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பதை நமக்குச் சொல்ல, இயக்குநர் ஒரு கணம் எதிரியின் இடத்தைக் கடன் வாங்குகிறார். 'சிப்பாயின் கண்ணில் போர்' என்று புகழப்பட்ட காட்சிகூட முழுக்கச் சிப்பாயின் கண் அல்ல.

1998க்குப் பிறகு இந்தப் பாணியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆடுகிற கேமரா, வெளிறிய நிறம், சிதறும் மண். காரணமில்லாமல் கேமராவை ஆட்டினால் பரபரப்பு வராது, தலைவலிதான் வரும். ஒரு சண்டை முடிந்ததும் யார் எங்கே நின்றார், எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள் என்று உங்களால் சொல்ல முடியவில்லையா? அந்தக் குழப்பம் பாத்திரத்தின் குழப்பமா, இயக்குநரின் குழப்பமா என்று ஒரு தரம் யோசியுங்கள்.

காது எங்கே இருக்கிறது

கேமரா ஒருவரோடு நிற்கிறதென்றால் மைக்கும் ஒருவரோடு நிற்கிறது. அது அதே ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒமாஹா காட்சியில் கேப்டனுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்ததும் சத்தமெல்லாம் அடைத்துப்போய், தண்ணீருக்கு அடியில் கேட்பது போல மந்தமாகிறது. ஒரு சிப்பாயின் வாய் அசைகிறது, பேச்சு கேட்பதில்லை. அதுவரை கடற்கரை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த நாம் சட்டென்று ஒரே ஒரு மண்டைக்குள் போய்விடுகிறோம். இதை இன்னும் கடுமையாகச் செய்த படம் 1985இல் எலெம் கிளிமோவ் எடுத்த சோவியத் படமான 'கம் அண்ட் சீ'. ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பெலாரஸில் ஒரு சிறுவன் நாஜிகளுக்கு எதிரான படையில் சேரப் போகிறான். காட்டில் குண்டு விழுந்ததும் அவன் காதில் ஒரு 'ங்ங்' என்ற இரைச்சல் ஏறுகிறது. அது உடனே அடங்குவதில்லை. வெகுநேரம் நாமும் அந்த இரைச்சலுக்குப் பின்னாலிருந்துதான் உலகத்தைக் கேட்கிறோம். பெலாரஸில் 628 கிராமங்கள் அங்கிருந்த மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்று படத்தின் முடிவில் எழுத்தில் வருகிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு வசனம் தேவைப்படவில்லை.

நீர்மூழ்கிக் கப்பலில் கதையே காதை நம்பித்தான். 1981இல் வந்த ஜெர்மன் படம் 'தாஸ் போட்'. இயக்கம் வோல்ஃப்காங் பீட்டர்சன். கடலுக்கு அடியில் ஜன்னல் இல்லை. மேலே எதிரிக் கப்பல் இருக்கிறதா, போய்விட்டதா என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும். எதிரிக் கப்பல் நீர்மூழ்கியைத் தேடி அனுப்பும் சோனார் ஒலி 'டிங்... டிங்...' என்று நெருங்குகிறது. தாடி வளர்ந்த, வியர்த்துக் கொட்டுகிற முகங்கள் எல்லாம் மேலே கூரையைப் பார்க்கின்றன, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆழம் கூடக் கூட இரும்பு முனகுகிறது. எதிரி யாரும் திரையில் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை, ஆனால் இதைவிடப் பயங்கரமான சண்டைக் காட்சிகள் குறைவு. ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ, ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்திய சின்னக் கேமராவோடு அந்தக் குறுகிய கப்பலுக்குள் ஆட்களின் பின்னாலேயே ஓடினார். நடிகர்கள் வெளிறித் தெரிய வேண்டும் என்று படப்பிடிப்புக் காலத்தில் அவர்களை வெயிலில் போகவிடவில்லை.

சரி, சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டால்? அகிரா குரோசாவா 1985இல் 'ரான்' படத்தில் அதைச் செய்தார். ஒரு கோட்டை தாக்கப்படுகிறது. அம்புகள் பாய்கின்றன, தீ பற்றுகிறது, ஆட்கள் குவியல் குவியலாகச் சாகிறார்கள். ஒரு அலறல் இல்லை, குளம்படி இல்லை, வாள் மோதுகிற ஒலி இல்லை. தோரு தாகேமித்சுவின் சோக இசை மட்டும். சில நிமிடங்கள் இப்படியே போகிறது. திடீரென்று ஒரு துப்பாக்கி வெடிக்கிறது, குதிரை மேலிருந்த ஒருவன் சரிகிறான். அந்த நொடியில் எல்லாச் சத்தமும் ஒன்றாகத் திரும்பி வந்து அடிக்கிறது. அதுவரை எங்கோ உயரத்தில் நின்று மனிதர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துப்பாக்கிச் சத்தம் நம்மைத் தரையில் இறக்கி, பழி தீர்க்கும் அரசியலுக்குள் தள்ளிவிடுகிறது. ஒலி வடிவமைப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

இடமும் வலமும், வெட்டும் வெட்டாமையும்

சண்டையை எடுப்பதில் ஒரு பழைய விதி உண்டு. இரண்டு படைகளுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்போது நம் ஆட்கள் எப்போதும் இடமிருந்து வலமாகவும், எதிரிகள் வலமிருந்து இடமாகவும் வருவார்கள். சீருடை தெரியாவிட்டாலும் யார் யார் என்று பிரித்துவிடலாம். கேமரா கோட்டைத் தாண்டினால் திசை மாறிவிடும். நல்ல இயக்குநர் அதைத் தெரிந்தே மீறுவார். முன்னேறிய படை சிதறிப் பின்வாங்கும்போது திசையும் சிதறிவிடும்.

கேமரா நகர்கிற விதமே ஆயுதமாவதும் உண்டு. 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த 'ஆல் கொய்ட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படத்தில், பதுங்குகுழியை நோக்கி ஓடிவரும் வீரர்கள் வரிசையாக விழுகிறார்கள். கேமரா பக்கவாட்டில் சீராக நகர, அது யாரைக் கடக்கிறதோ அவன் விழுகிறான். இயந்திரத் துப்பாக்கி திரும்புகிற வேகமும் கேமரா நகர்கிற வேகமும் ஒன்று. கொஞ்ச நேரத்துக்கு நாம் எந்தச் சிப்பாயோடும் நிற்கவில்லை, துப்பாக்கியோடு நிற்கிறோம். அந்தப் படம் பெர்லினில் ஓடியபோது நாஜிகள் அரங்குக்குள் எலிகளை அவிழ்த்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள், சில நாட்களில் தடையும் வந்தது. கேமரா எங்கே நிற்கிறது என்பது சிலருக்கு எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

2019இல் சாம் மெண்டிஸ் இயக்கிய '1917' வேறு வழியில் போனது. தாக்குதலை நிறுத்தச் சொல்லும் கடிதத்தோடு இரண்டு வீரர்கள் கிளம்புகிறார்கள். போய்ச் சேராவிட்டால் 1,600 பேர் பொறியில் விழுவார்கள். முழுப் படமும் ஒரே ஷாட் போலத் தெரியும்படி, நீளமான ஷாட்களை ஒட்டு தெரியாமல் ஒட்டியிருக்கிறார்கள். வெட்டு இல்லாததால் என்ன லாபம்? வெட்டு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது, நமக்குக் கிடைக்கும் சலுகை. அது அடுத்த இடத்துக்குத் தூக்கிப்போகும், தளபதியின் அறையையோ எதிரியின் ஒளிவிடத்தையோ காட்டிக்கொடுக்கும். அந்தச் சலுகையைப் பறித்துவிட்டால், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது அந்த வீரனுக்குத் தெரியாத வரை நமக்கும் தெரியாது. இதற்காக நடிகர்களை வெறும் வயலில் நடக்கவைத்து, வசனம் முடிய எத்தனை தூரம் ஆகிறது என்று அளந்து, அதன்படி பதுங்குகுழியை வெட்டினார்கள். ஒரே ஒரு இடத்தில் படம் வெளிப்படையாக இருட்டாகிறது: நாயகன் நினைவிழக்கும்போது. அவனுக்குத் தெரியாத நேரம் நமக்கும் இல்லை. விதி ரொம்பக் கறார்.

எதிரி எங்கே?

புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கடைசியாகக் கேட்பார்கள். எனக்கென்னவோ இதுதான் முக்கியமானது.

1880களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. அதற்கு முன் சுட்டால் எழும் வெண்புகை, சுட்டவனின் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் நெடுந்தூரத் துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி எல்லாம் சேர்ந்து ஆட்களை மண்ணுக்குள் தள்ளிவிட்டன. ஆயிரக்கணக்கானோர் சண்டையிடும் களம், எட்டிப் பார்த்தால் காலியாகத் தெரியும். ஆகவே எதிரியைக் காட்டாமல் விடுவது சில படங்களில் நேர்மைதான். ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' 1957இல் வந்த முதல் உலகப் போர்ப் படம். பிரெஞ்சுப் படை தாக்குகிறது, செத்து விழுகிறது, ஆனால் எதிரே ஒரு ஜெர்மானியச் சிப்பாய்கூடத் தென்படுவதில்லை. கதையில் அவர்களைக் கொல்வது யார் என்பது, மாளிகையில் உட்கார்ந்திருக்கும் சொந்தத் தளபதிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரான்சில் இந்தப் படம் 1975 வரை திரையிடப்படவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்த பிரிட்டிஷ் படை பிரான்சின் கடற்கரையிலிருந்து தப்பிப்பதுதான் கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்'. அதிலும் ஜெர்மானியர்கள் கிட்டத்தட்ட இல்லை. கடற்கரையில் குப்புறப் படுத்திருக்கும் ஒரு பையன், தூரத்தில் விழும் குண்டுகள் வரிசையாக அவனை நோக்கியே நெருங்கி வருவதைத் தலை தூக்காமல் உணர்கிறான். விமானியின் முகம் அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. இது சரி. ஆனால் அங்கேயே இருந்தும் காட்டப்படாதவர்கள் வேறு சிலர். 1940இல் டன்கிர்க்கில் இந்திய ராணுவத்தின் கோவேறு கழுதைப் படைப்பிரிவுகளும் இருந்தன. படத்தில் அவர்கள் இல்லை, அது அப்போதே விமர்சிக்கப்பட்டது. சிப்பாயின் கண்ணுக்குத் தெரியாதது ஒரு வகை, இயக்குநரின் கண்ணில் படாதது வேறு வகை.

மூன்றாவது வகையும் உண்டு: எதிரி திரை முழுக்க இருப்பான், ஆனால் ஆளாக இருக்க மாட்டான். 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் நடந்த சண்டையைக் காட்டும் 'பிளாக் ஹாக் டவுன்' தொழில்நுட்பத்தில் அபாரம். அமெரிக்கச் சிப்பாய்கள் ஒவ்வொருவருக்கும் பெயர், முகம், காயம் உண்டு. அன்று செத்த சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில். படத்தில் அவர்கள் பெரும்பாலும் ஓடிவந்து விழுகிற கூட்டம். இதோடு ஒப்பிட, கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006இல் செய்ததைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் நடந்த சண்டையை அமெரிக்கப் பக்கத்திலிருந்து ஒரு படமாகவும், ஜப்பானியர் பக்கத்திலிருந்து ஜப்பானிய மொழியிலேயே 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா' என்று இன்னொரு படமாகவும் எடுத்தார். முதல் படத்தில் மண்ணுக்குள்ளிருந்து சுடுகிற பொந்துகள், இரண்டாவதில் கடிதம் எழுதுகிற மனிதர்களின் அறைகளாகிவிடுகின்றன.

ஒரே படத்துக்குள் இதைச் செய்ய முடியாதா என்றால், ஜில்லோ பொந்தெகோர்வோ 1966இல் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தில் செய்திருக்கிறார். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜீரியர்கள் போராடுகிறார்கள். படத்தின் மனம் யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஒரு அல்ஜீரியப் பெண் பிரெஞ்சுக்காரர்கள் நிறைந்த கடையில் வெடிகுண்டுப் பையை வைக்கும்போது, கேமரா அங்கே இருப்பவர்களின் முகங்களை நிதானமாகப் பார்க்கிறது. ஐஸ்கிரீம் சாப்பிடுகிற குழந்தையையும் பார்க்கிறது. அல்ஜீரியர்களின் பிணங்களை இடிபாட்டிலிருந்து தூக்கும்போது ஒலித்த அதே சோக இசை, வெடிப்புக்குப் பிறகு பிரெஞ்சுப் பிணங்களுக்கும் ஒலிக்கிறது. பக்கம் எடுப்பது ஒன்று, கண்ணை மூடிக்கொள்வது வேறொன்று.

சினிமாப் பொய்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் தப்பு கண்டுபிடிக்கிற விளையாட்டு சீக்கிரம் அலுத்துவிடும். கையெறி குண்டு வெடித்தால் ஆரஞ்சுத் தீப்பிழம்பு எழாது, சாம்பல் நிறத் தூசியும் கண்ணுக்குத் தெரியாத உலோகச் சிதறல்களும்தான். சினிமாவில் தெரிவது பெரும்பாலும் எரிபொருள் ஊற்றி எரித்த நெருப்பு. தோட்டா பட்டவன் பின்னால் பறந்து விழ மாட்டான். அந்த வலு தோட்டாவில் இருந்தால் சுட்டவனும் பறந்திருக்க வேண்டும், நியூட்டன் விடமாட்டார். நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும் துப்பாக்கியில் 30 தோட்டா மூன்று விநாடியில் தீரும். வீரர்கள் ஒட்டி ஒட்டி நடப்பதும் பொய்தான். ஒரே குண்டில் எல்லோரும் போகாமலிருக்க இடைவெளி விட்டுப் போவார்கள், ஆனால் அப்படிப் போனால் ஃபிரேமுக்குள் அடங்க மாட்டார்கள்.

ஒலி சம்பந்தப்பட்டது ஒன்று சுவாரசியமானது. ரைஃபிள் தோட்டா பெரும்பாலும் விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். ஒலி போவது சுமார் 340 மீட்டர். அதனால் தூரத்திலிருந்து சுட்டால், காதருகே தோட்டா கடக்கிற 'சடீர்' முதலில், துப்பாக்கி வெடித்த 'தும்' பிறகு. பெரும்பாலான படங்களில் பளிச்சென்ற ஒளி, சத்தம், அடி மூன்றும் ஒரே நொடியில் வரும். அது கேமரா எங்கே நின்றாலும் காது துப்பாக்கி முனையிலேயே இருப்பதாக அர்த்தம். ஒமாஹா காட்சியில் தண்ணீருக்கு அடியில் மூழ்கியவர்களையும் தோட்டா துளைக்கிறது. உண்மையில் அந்த வேகத் தோட்டா தண்ணீரில் கொஞ்ச தூரத்திலேயே வலுவிழந்துவிடும். பௌதிகம் தப்பு. ஆனால் எங்கே போனாலும் ஒளிய இடமில்லை என்ற அந்தச் சிப்பாய்களின் பயம் தப்பல்ல. எந்தப் பொய் பாத்திரத்தின் உணர்வுக்காகச் சொல்லப்பட்டது, எது வெறும் கண்காட்சிக்காக என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

டாங்கியைக் கொடுத்தது யார்?

விமானந்தாங்கிக் கப்பலும் போர் விமானமும் வாடகைக்குக் கடையில் கிடைப்பதில்லை. ராணுவம்தான் தர வேண்டும். அமெரிக்க ராணுவத் துறையிடம் உதவி வேண்டுமென்றால் திரைக்கதையைக் காட்ட வேண்டும், அவர்கள் மாற்றச் சொல்வதை மாற்ற வேண்டும். 1986இல் 'டாப் கன்' படத்துக்குக் கடற்படை உதவி கிடைத்தது. அதே ஆண்டு வியட்நாம் போரைக் கசப்போடு காட்டிய 'பிளட்டூன்' படத்துக்குக் கிடைக்கவில்லை. 1979இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கப்பலா எடுத்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கும் இல்லை. அவர் பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். அங்கே உள்நாட்டில் கிளர்ச்சியாளர்களோடு சண்டை நடந்துகொண்டிருந்ததால், படப்பிடிப்பு நடுவிலேயே ஹெலிகாப்டர்கள் கிளம்பிப் போய்விடும். ராணுவம் உதவிய படம் எல்லாம் பரணி பாடும் என்றோ, உதவாதது எல்லாம் உண்மை பேசும் என்றோ இல்லை. ஆனாலும் கேமரா ஒரு போர் விமானத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்போது, அந்த இடத்தைக் கொடுத்தவர் யார் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

போருக்கு எதிரான படம் என்று ஒன்று உண்டா?

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1973இல் ஒரு பேட்டியில், போருக்கு எதிரான படம் என்று எதையும் தான் பார்த்ததில்லை, போரைக் காட்டும் படம் எல்லாம் கடைசியில் போருக்கு ஆதரவாகவே முடிகிறது என்ற பொருளில் சொன்னார். சண்டையைத் திரையில் காட்டினால் அதில் ஒரு கிளர்ச்சி வந்தே தீரும் என்பது அவர் வாதம்.

'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் ஹெலிகாப்டர் காட்சி இதற்கு நல்ல சோதனை. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை ஒலிபெருக்கியில் அலறவிட்டபடி அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஒரு வியட்நாம் கிராமத்தைத் தாக்கப் பறக்கின்றன. கேமரா ஹெலிகாப்டருக்குள் இருக்கிறது, இசை ஏறுகிறது, நமக்கும் ஒரு உற்சாகம் ஏறுகிறது. நடுவில் கப்பலா ஒரு வெட்டு வைக்கிறார்: கீழே அந்தக் கிராமத்தின் பள்ளி முற்றம். அமைதி. பிள்ளைகள். இசை இல்லை, இன்னும் வந்து சேரவில்லை. பிறகு தூரத்தில் மெல்லக் கேட்க ஆரம்பிக்கிறது. கேமரா சில விநாடிகள் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. நேர்மையான வெட்டு.

ஆனால் அது எடுபடுகிறதா? 1990-91 வளைகுடாப் போரைப் பற்றி 2005இல் சாம் மெண்டிஸ் எடுத்த 'ஜார்ஹெட்' படத்தில், போருக்குக் கிளம்பும் இளம் சிப்பாய்கள் இதே ஹெலிகாப்டர் காட்சியைத் திரையரங்கில் பார்க்கிறார்கள். கூடவே பாடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், கொக்கரிக்கிறார்கள். பள்ளி முற்றம் அவர்கள் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. பிறகு அவர்கள் பாலைவனத்துக்குப் போய்க் காத்திருக்கிறார்கள், காத்துக்கொண்டே இருக்கிறார்கள். துப்பாக்கி குறி பார்த்துச் சுடப் பயிற்சி பெற்ற நாயகன் எதிரி ஒருவனைக்கூடச் சுடாமலே போர் முடிந்துவிடுகிறது. த்ரூஃபோவுக்குச் சினிமா கொடுத்த பதில்களில் எனக்கு அதிகம் பிடித்தது இது. சண்டைக்கான பசியைக் கிளப்பிவிட்டு, சண்டையைக் கண்ணில் காட்டாமலே அனுப்பிவிடுகிற படம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

'தாஸ் போட்' நல்ல தொடக்கம். கேமரா ஒரே கப்பலுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் 'யாரோடு நிற்கிறது' என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியதில்லை. கண்ணும் காதும் அதற்குப் பழகிவிடும். அடுத்து 'பாத்ஸ் ஆஃப் குளோரி', ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 'அல்ஜியர்ஸ்'. 'ரான்' படத்தின் கோட்டைக் காட்சியை முதலில் தனியாகப் பார்த்துவிடாதீர்கள், முன்கதை தெரிந்தால்தான் அந்தத் துப்பாக்கிச் சத்தம் நெஞ்சில் இறங்கும்.

பிடித்த சண்டைக் காட்சி கிடைத்தால் அதை மட்டும் இன்னொரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் யார் உயரத்தில் என்று தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். படம் ஒருவரோடும் ஒலி வேறொருவரோடும் போவது சில இடங்களில் பிடிபடும். 'கம் அண்ட் சீ'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை இப்படித் துண்டு துண்டாக ஆராய வேண்டாம், இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள், அன்றைக்கு வேறு படம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.